ஒரே கேபிள் வயரில் இத்தனை சேனல்கள் எப்படி வருகின்றன?

கேபிள் டிவி என்றால், பல இடங்களிலிருந்து வரும் சேனல்களை ஓரிடத்தில் சேர்த்து, வயர் வழியே வீடுகளுக்குக் கொண்டுபோகும் ஏற்பாடு. அந்த இடத்துக்கு ஹெட்எண்ட் என்று பெயர். அங்குள்ள பெரிய டிஷ்கள், சுமார் 36,000 கிலோமீட்டர் உயரத்தில் இருக்கும் செயற்கைக்கோள்களிலிருந்து சேனல்களை வாங்குகின்றன.

சரி, வயர் ஒன்றுதானே, கலந்துவிடாதா? கலக்காது. ஹெட்எண்டில் சேனல்களைச் சிறு கூட்டங்களாகப் பிரித்து, ஒவ்வொரு கூட்டத்துக்கும் தனி அலைவரிசை தருகிறார்கள். எஃப்எம் ரேடியோ மாதிரிதான்: எல்லா நிலையங்களும் ஒரே காற்றில் வந்தாலும், நாம் திருப்பி வைத்தது மட்டுமே கேட்கிறது. இங்கே திருப்பும் வேலையைச் செட்டாப் பாக்ஸ் செய்கிறது. கட்டணம் கட்டிய சேனல்களின் பூட்டைத் திறப்பதும் அதுவே.

ஹெட்எண்டிலிருந்து உங்கள் பகுதி வரை பெரும்பாலும் ஃபைபர், அதாவது மெல்லிய கண்ணாடி இழை. அதில் சிக்னல் ஒளியாகப் போகிறது, இழப்பு மிகக் குறைவு. அப்புறம் தெருவுக்குள் கோஆக்சியல் வயர், அதாவது வீட்டுக்குள் வரும் அந்த உருண்டையான உலோகக் கம்பி வயர். இதில்தான் சிக்கல்: தூரம் கூடக்கூட சிக்னல் தேய்கிறது, அதிலும் உயர்ந்த அலைவரிசைகள் வேகமாகத் தேயும். அதனால் வழியில் ஆம்ப்ளிஃபயர் வைக்கிறார்கள். ஆனால் அது சிக்னலோடு இரைச்சலையும், அதாவது அதில் கலந்த தேவையற்ற மின் சலசலப்பையும் பெருக்கும். வரிசையாக நிறைய வைத்தால் கடைசி வீட்டில் படம் கட்டம் கட்டமாக உடையும்.

வயரில் வருவதால் மழை பாதிக்காது என்று பலர் நினைக்கிறார்கள். அது முழுக்கச் சரியல்ல: உங்கள் தெருவில் வெயில் அடித்தாலும், ஹெட்எண்ட் இருக்கும் ஊரில் கனமழை கொட்டினால் டிஷ்ஷில் வரும் சிக்னல் தடைபட்டு, சேனல்கள் போகலாம்.