கிருனாவுக்கு போகச் சொல்லிட்டாங்கன்னு தூக்கம் போன தம்பிக்கு

தம்பி, நீங்க எழுதுனத ரெண்டு தடவ படிச்சேன். ஸ்டாக்ஹோம் வந்தே 4 மாசம்தான் ஆகுது, அதுக்குள்ள டிசம்பர் நடுவுல இருந்து 8 வாரம் ஸ்வீடன் வடக்கு கோடில இருக்குற கிருனா இரும்புச் சுரங்கத்துல ஆட்டோமேஷன் வேலைக்கு போகச் சொல்லிட்டாங்க, சொன்ன நாள்ல இருந்து தூக்கம் இல்ல, வயிறு பிசையுது, முடியாதுன்னு மேனேஜர்கிட்ட சொல்லிடலாமா, சொன்னா வேலைக்கு எதாவது ஆயிடுமான்னு கேட்டிருக்கீங்க. நான் இந்த நாட்டுக்கு வந்து 14 வருஷம் ஆச்சு, இப்ப வடக்குல லூலியோங்கிற ஊர்ல இருக்கேன். வந்த முதல் குளிர்காலத்துலயே என்னையும் 10 வாரம் அதே கிருனாவுக்கு அனுப்புனாங்க. அதனால உங்க வயித்துல என்ன நடக்குதுன்னு எனக்கு நல்லாவே தெரியும், ஒரு அக்கா சொல்றதா நெனச்சு படிங்க.

மொதல்ல, போங்க. ஆனா எல்லாத்துக்கும் தலையாட்டிட்டு போகாதீங்க. அது என்னன்னு பின்னாடி சொல்றேன்.

எனக்கு அப்ப என்ன ஆச்சுன்னா, சேதி வந்த அன்னைக்கே ராத்திரி உக்காந்து வீடியோ பாக்க ஆரம்பிச்சேன். மைனஸ் 40, கொதிக்கிற தண்ணிய வீசுனா பனியா ஆகுறது, பனியில சிக்குன கார், ஒரு மாசம் சூரியனே வராத ஊர். ஒவ்வொன்னும் பாத்து முடிச்சப்புறம் கொஞ்சம் தெளிவாகும்னு நெனைப்பேன், ஆனா அடுத்த வீடியோவுக்குத்தான் கை போகும், மணி 3 ஆயிடும். 10 நாள் இப்படியே போச்சு. அப்புறம்தான் புரிஞ்சுது, நான் அந்த ஊரப் பத்தி ஒன்னுமே தெரிஞ்சுக்கல, என் பயத்துக்குத்தான் உக்காந்து தீனி போட்டிருக்கேன். அந்த வீடியோ எடுத்தவங்க யாரும் அங்க காலைல எந்திரிச்சு வேலைக்கு போறவங்க கெடையாதே.

அதனால நான் ஒரு வேல பண்ணேன், நீங்களும் அதையே பண்ணுங்க. மனசுல ஓடுற பயத்த எல்லாம் ஒரு பேப்பர்ல எழுதி, ஒவ்வொன்னையும் அந்த ஊர்ல இருக்குற ஒரு மனுஷன் பதில் சொல்ற மாதிரி கேள்வியா மாத்துனேன். "குளிர்ல செத்துருவேனோ"ங்கிறதுக்கு யாரும் பதில் சொல்ல முடியாது. "தங்குற எடத்துல இருந்து பஸ் ஸ்டாப் எவ்ளோ தூரம், பஸ் வரலன்னா யாருக்கு போன் பண்ணணும்" அப்படின்னு கேட்டா சொல்ல முடியும். "தனியா இருந்து பைத்தியம் பிடிச்சிருமோ"ங்கிறத "சாயங்காலம் 5 மணிக்கு மேல டீம்ல இருக்கவங்க என்ன பண்ணுவாங்க, நானும் வரலாமா"ன்னு மாத்துனேன். மொத்தம் 11 கேள்வி. அங்க இருந்த ஒரு சக ஊழியருக்கு, அதுவரைக்கும் மெயில்ல மட்டும்தான் தெரியும், கூச்சத்த ஓரமா வெச்சிட்டு அனுப்பிட்டேன். மறுநாள் காலைல பதில் வந்துச்சு, ஒவ்வொன்னுக்கும் ஒரே வரி, மூணு கேள்விக்கு வெறும் "ஆமா". பஸ் ஸ்டாப் 200 மீட்டர். பஸ் வரலன்னா எனக்கு கூப்பிடு, நம்பர் இது. செவ்வாய்க்கிழமை எல்லாரும் உள்ளரங்குல பந்து விளையாடுவோம், ஷூ மட்டும் கொண்டு வா. அன்னைக்கு ராத்திரி 7 மணி நேரம் தூங்குனேன் தம்பி. ஊர்ல ஒன்னும் மாறல, அதே இருட்டு அதே குளிர்தான், ஆனா அந்த இருட்டுக்குள்ள இப்ப பேரும் போன் நம்பரும் உள்ள ஒரு ஆள் நின்னுக்கிட்டு இருந்தார்.

இப்ப அங்க போய் நடந்த ஒன்ன சொல்றேன், எழுதணும்னு தோணுனதே இதுக்காகத்தான். முதல் மீட்டிங், நான் பிளான விளக்கிட்டு இருக்கேன், எதிர்ல உக்காந்திருந்த பெரியவர், 60 வயசு இருக்கும், நான் ரெண்டு வாக்கியம் பேசுனா போதும் உதட்டக் குவிச்சு சட்டுனு மூச்ச உள்ள இழுப்பார், "ஷூப்"னு ஒரு சத்தம். முகத்துல சிரிப்பே இல்ல. நான் ஏதோ தப்பா சொல்றேன், மனுஷன் அதிர்ச்சி ஆகுறார்னு எனக்கு கை ஜில்லுனு ஆயிடுச்சு, கடைசி ரெண்டு ஸ்லைட வேகமா முடிச்சிட்டு உக்காந்துட்டேன். ரெண்டு நாள் சாப்பாடு எறங்கல, என்னைய திருப்பி அனுப்பிடுவாங்கன்னே முடிவு பண்ணிட்டேன். மூணாவது நாள் காபி மெஷின் கிட்ட ஒரு பொண்ணுகிட்ட மெதுவா கேட்டேன், அவர் ஏன் அப்படி மூச்சு இழுக்குறார், உடம்பு எதும் சரியில்லையான்னு. அவ சொன்னா, அது "ஆமா"ன்னு அர்த்தம், வடக்கு ஸ்வீடன்ல நாங்க அப்படித்தான் ஆமான்னு சொல்வோம், அவர் நீ சொன்னது எல்லாத்துக்கும் சரி சரின்னு சொல்லிட்டே இருந்திருக்கார்.

நல்லா பாருங்க. மனுஷன் இருபது தடவ எனக்கு சரின்னு சொல்லியிருக்கார், என் பயம் அத இருபது தடவையும் தப்புன்னு மொழிபெயர்த்து எனக்கு குடுத்திருக்கு. தெரியாத எடத்துல இதுதான் நடக்கும், கண்ணுல படுற ஒவ்வொரு குறிக்கும் பயம் தானா ஒரு அர்த்தம் எழுதிக்கும். அதனால அங்க எதாவது வித்தியாசமா பட்டா, யாராவது பேசாம இருந்தா, முகத்த உத்துப் பாத்தா, உங்க மனசு சொல்ற அர்த்தத்த உடனே நம்பாதீங்க, பக்கத்துல இருக்கவங்கள கேளுங்க. அங்க உள்ளவங்க அதிகம் பேச மாட்டாங்க ஆனா கேட்டா உக்காந்து சொல்லுவாங்க. முகத்த உத்துப் பாக்குறதுன்னு சொன்னேன்ல, அதுவும் நடக்கும், வெளிய நிக்கும்போது ஒருத்தர் கன்னத்த ஒருத்தர் பாத்துக்குவாங்க, தோல் வெள்ளையா திட்டு திட்டா ஆனா குளிர் கடிக்க ஆரம்பிச்சிருக்குன்னு அர்த்தம், உங்களுக்கு அது தெரியாது, எதிர்ல இருக்கவருக்குத்தான் தெரியும். உங்க மேல அக்கறையில பாக்குறாங்க.

முன்னாடியே தெரிஞ்சுக்கிட்டா பாதி பயம் இல்லாம போற சில விஷயம் சொல்லிடுறேன். ராத்திரி ஒன்றரை மணி வாக்குல கட்டில் லேசா அதிரும், ஜன்னல் கண்ணாடி சத்தம் போடும். பூமி அதிர்ச்சின்னு எந்திரிச்சு ஓடாதீங்க, கீழ சுரங்கத்துல ஆள் இல்லாத நேரமா பாத்து தினமும் வெடி வெக்கிறாங்க, ஊருக்கே பழகுன சத்தம் அது. அந்த சுரங்கம் தோண்டத் தோண்ட மேல நிலம் விரிசல் விடுதுன்னுதான் ஊரையே 3 கிலோமீட்டர் கிழக்க நகத்திக்கிட்டு இருக்காங்க, புது ஊர் மையத்த 2022ல திறந்தாங்க, 1912ல கட்டுன மர சர்ச்ச, 672 டன் எடை, அப்படியே வண்டில ஏத்தி 2025 ஆகஸ்ட்டுல ரெண்டு நாள்ல 5 கிலோமீட்டர் கொண்டு போய் வெச்சாங்க. அதனால பழைய மேப்ப நம்பி எடம் தேடாதீங்க, தங்குற எடத்தோட விலாசம் பழைய பக்கமா புது பக்கமான்னு கேட்டுக்கோங்க.

இருட்டு. டிசம்பர் 10 வாக்குல இருந்து ஜனவரி பொறக்குற வரைக்கும் சூரியன் அடிவானத்துக்கு மேல வராது, நீங்க சரியா அதுக்குள்ளதான் போய் எறங்குறீங்க. ஆனா நாள் முழுக்க கும்மிருட்டுன்னு நெனைக்காதீங்க, பகல்ல சில மணி நேரம் நீலமா ஒரு வெளிச்சம் வரும், தெக்கு பக்கம் ரோஸ் கலர்ல கோடு தெரியும், பனி மேல அது பட்டு எல்லாமே நீலமா இருக்கும். அந்த நேரத்துல 20 நிமிஷமாவது வெளிய நடந்துட்டு வாங்க, மீட்டிங் இருந்தாலும் பரவால்ல நேரம் கேட்டு வாங்கிட்டு போங்க, அங்க எல்லாருக்கும் அதோட மதிப்பு தெரியும். நான் முதல் ரெண்டு வாரம் போகல, மனசு கனமா ஆயி ஞாயித்துக்கிழமை முழுக்க படுத்தே கெடந்தேன், போக ஆரம்பிச்சப்புறம் மெல்ல மாறுச்சு. ஒரே நேரத்துக்கு எந்திரிங்க, ரூம்ல எல்லா லைட்டும் போடுங்க. விட்டமின் டி எடுக்கணுமான்னு கிளம்புறதுக்கு முன்னாடி டாக்டர்கிட்ட கேட்டுக்கோங்க, நம்ம தோல் நிறத்துக்கு இந்த அட்சரேகைல அது கொறையுறது சகஜம்.

காபி. காலைல ஒன்னு, மதியம் ஒன்னு, நடுவுல யாராவது கூப்பிட்டா ஒன்னுன்னு நாளைக்கு 6 கப் குடிக்கிறவங்க அவங்க. படபடப்பு உள்ள உடம்புக்கு அது ஆகாது. கூட போய் கண்டிப்பா உக்காருங்க, அந்த இடைவேளைலதான் ஆளுங்க பழக்கமாவாங்க, ஆனா மதியத்துக்கு மேல கப்புல வேற எதாவது ஊத்திக்கோங்க.

குளிருக்கு துணி விஷயத்துல சுருக்கமா சொல்றேன், உடம்ப ஒட்டுற துணி காட்டன் வேண்டாம், கம்பளி, அது மேல ஃபிளீஸ், அது மேல காத்து புகாத ஜாக்கெட். விரல் பிரிஞ்ச கிளவுஸ விட விரல் சேந்த கிளவுஸ் சூடு. ஷூ ஒரு சைஸ் பெருசு. போன உள் பாக்கெட்ல உடம்போட ஒட்டி வெச்சிக்கோங்க, குளிர்ல பேட்டரி 40 சதவீதம் காட்டும்போதே அணைஞ்சிடும், அந்த நேரம் பாத்து மனசு பதறும்.

படபடப்பு உச்சத்துக்கு வந்தா, ஃபிளைட்லயோ சுரங்கத்துக்கு கீழ போற வண்டிலயோ வரலாம், மூச்ச மெதுவா விடுங்க, இழுக்குற நேரத்த விட விடுற நேரம் அதிகமா இருக்கணும், அத மட்டும் எண்ணிக்கிட்டு இருங்க. அது சில நிமிஷத்துல உச்சிக்கு போய் தானா எறங்கும், சண்ட போட்டாதான் நீளும். பக்கத்துல இருக்கவர்கிட்ட "எனக்கு கொஞ்சம் படபடப்பா இருக்கு, பேசிட்டு வாங்க"ன்னு ஒரு வரி சொல்லிடுங்க, மறைக்கிறதுக்குத்தான் பாதி சக்தி போகுது. சுரங்கத்துக்குள்ள விடுறதுக்கு முன்னாடி பாதுகாப்பு பயிற்சி இருக்கும், அடைக்கல அறை எங்க இருக்கு, எப்படி வெளிய வரணும்னு சொல்லித் தருவாங்க, அத கவனமா கேட்டா உள்ள போகும்போது கால் நடுங்காது. ஆனா நெஞ்சு வலி, மயக்கம்னு புதுசா வந்தா பயம்னு நீங்களா முடிவு பண்ணாம 112 கூப்பிடுங்க. அவசரமில்லாத சந்தேகத்துக்கு 1177, நர்ஸ் எடுப்பாங்க.

இப்ப மேல சொன்ன தலையாட்டக் கூடாத விஷயம். நான் கிளம்புறப்ப, லூலியோவுல வாடகை கார் எடுத்து நானே ஓட்டிட்டு கிருனா வரச் சொன்னாங்க, 340 கிலோமீட்டர், நான் அதுவரைக்கும் பனில ஒரு தெரு கூட ஓட்டுனதில்ல, ரோட்டுல கலைமான் கூட்டமா நிக்கும். எனக்கு வந்த பயத்துலயே சரியான பயம் அது ஒன்னுதான். முடியாது, ட்ரெயின்ல வர்றேன்னு மெயில் போட்டேன், கை நடுங்கிச்சு, பதில் "சரி, டிக்கெட் இது"ன்னு ரெண்டு வரில வந்துச்சு. வேலைக்கு ஒன்னும் ஆகல.

நீங்க கேட்ட கேள்விக்கு அதுதான் என் பதில், ஊரே வேண்டாம்னு சொல்லாதீங்க, ஆபத்தான ஒன்ன மட்டும் எடுத்து வேண்டாம்னு சொல்லுங்க, எழுத்துல சொல்லுங்க. இந்த நாட்டுல வேலை சூழல் சட்டப்படி வேலைல உள்ள ஆபத்த பாத்து சரி பண்றது முதலாளி பொறுப்பு. 5 பேரோ அதுக்கு மேலயோ வேல பாக்குற எடத்துல ஷுட்ஸ்ஒம்புட்னு (skyddsombud) ஊழியர் தரப்பு பாதுகாப்பு பிரதிநிதி ஒருத்தர் இருப்பார், உயிருக்கு உடனடி ஆபத்துன்னா வேலைய நிறுத்துற அதிகாரமே அவருக்கு இருக்கு. உங்க ஆஃபீஸ்ல அவர் யாருன்னு இந்த வாரமே கேளுங்க. பெரும்பாலான கம்பெனிங்க ஊழியர் உடல்நல மையத்தோட ஒப்பந்தம் வெச்சிருக்கும், தூக்கம் வரலன்னு அங்க போய் பேசலாம், அவங்களுக்கும் ரகசியம் காக்குற கடமை உண்டு. ரெண்டு வாரத்துக்கு மேல இப்படியே தூக்கமில்லாம இருந்தா கட்டாயம் போங்க, என் அனுபவத்த மட்டும் வெச்சு சமாளிக்காதீங்க.

அம்மாகிட்ட என்ன சொல்றதுன்னு கேட்டிருந்தீங்க. உண்மைய சொல்லுங்க, ஆனா தினமும் வெப்பநிலைய சொல்லாதீங்க. நான் மைனஸ் 28ன்னு ஒரு நாள் சொல்லிட்டேன், அம்மா அன்னைக்கு முழுக்க அழுதாங்க, நான் இங்க சூடான ரூம்ல உக்காந்து புக் படிச்சிட்டு இருக்கேன். அப்புறம் சாப்பிட்டது, பாத்தது, யார்கூட பேசுனேங்கிறது மட்டும் சொல்ல ஆரம்பிச்சேன், அவங்களுக்கும் அதுதான் வேணும். அங்கயும் வீட்டுக்குள்ள போகும்போது வாசல்ல செருப்ப கழட்டித்தான் போவாங்கன்னு சொல்லுங்க, எங்கம்மாவுக்கு அது ஒன்னு கேட்டே மனசு நெறஞ்சுடுச்சு.

கடைசியா, முடிஞ்சா ஃபிளைட்ட விட ராத்திரி ட்ரெயின்ல போங்க, ஸ்டாக்ஹோம்ல சாயங்காலம் ஏறுனா 15 மணி நேரத்துக்கு மேல ஆகும், குளிர்காலத்துல லேட்டும் ஆகும், சாப்பிட எதாவது கைல வெச்சிக்கோங்க. ஒன்றரை மணி நேரத்துல தூக்கிட்டுப் போய் இருட்டுல எறக்கி விடுறத விட, காடு மெல்ல வெள்ளையாகுறத பாத்துக்கிட்டே போறது உங்க மாதிரி மனசுக்கு நல்லது. அந்த ட்ரெயின் காலைல பூடென் ஸ்டேஷன்ல நிக்கும், எங்க வீட்ல இருந்து அரை மணி நேரம்தான். ஷூவுக்கு அடியில மாட்டுற முள்ளு பட்டை, இங்க ப்ரோடர்னு சொல்வாங்க, பனிக்கட்டில வழுக்காம இருக்க, என்கிட்ட ஒரு ஜோடி சும்மா கெடக்கு. டிக்கெட் போட்டதும் தேதியும் பெட்டி நம்பரும் ஷூ சைஸும் எழுதுங்க தம்பி, பிளாட்ஃபார்ம்ல கொண்டு வந்து குடுக்குறேன்.