டீச்சர் பதில்கள்: மியூசியத்தில் நின்ற வேடியப்பன்

கேள்வி: டீச்சர், என் மகள் ஆறாம் வகுப்பு படிக்கிறாள். வேலூர் கோட்டைக்கும் அங்கே உள்ள அருங்காட்சியகத்துக்கும் அழைத்துப் போகப் பள்ளியில் 450 ரூபாய் கேட்கிறார்கள். வீட்டுக்காரர் லுங்கித் தறியில் இருக்கிறார். எங்களுக்கு அது பெரிய தொகை. "பழைய கல்லைப் பார்க்கவா இவ்வளவு காசு? எல்லாம் போன்லயே வருதே" என்கிறார் என் மாமியார். அனுப்பலாமா?
- ஒரு தாய், குடியாத்தம்

பதில்: அனுப்புங்கள் அம்மா. பணம் இடித்தால் வகுப்பு டீச்சரைத் தனியாகப் பார்த்துச் சொல்லுங்கள். நாங்கள் வேலையில் இருந்தபோது ஒவ்வொரு சுற்றுலாவிலும் நாலைந்து பிள்ளைகளுக்கு ஆசிரியர்களே பகிர்ந்து கட்டியிருக்கிறோம். கேட்பதில் கூச்சமே வேண்டாம்.

ஏன் இவ்வளவு உறுதியாகச் சொல்கிறேன் என்றால், எனக்கே அதைக் கற்றுக்கொடுத்தவன் ஒரு பையன். அப்போது திருப்பத்தூர் பக்கம் ஒரு கிராமத்துப் பள்ளியில் சமூக அறிவியல் எடுத்துக்கொண்டிருந்தேன். 2003-இல் எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் முப்பத்திரண்டு பேரைக் கூட்டிக்கொண்டு, ஜோலார்பேட்டையில் பாசஞ்சர் ஏறி, காட்பாடியில் இறங்கி, டவுன் பஸ் பிடித்துக் கோட்டைக்குப் போனோம். உள்ளே நுழைந்ததும் நான் செய்த தப்பு, "எழுதி வைத்திருப்பதை எல்லாம் நோட்டில் எழுதுங்கள், நாளைக்குக் கேட்பேன்" என்றது. பிள்ளைகள் பொருளைப் பார்க்கவே இல்லை, பலகையைப் பார்த்து எழுதிக்கொண்டே நகர்ந்தார்கள்.

ஒருவன் மட்டும் நோட்டைத் திறக்காமல் ஒரு நடுகல்லின் முன்னால் நின்றான். போய் அதட்டினேன். அவன் என்னைத் திரும்பிக்கூடப் பார்க்காமல், "டீச்சர், இவரு எங்க வேடியப்பன் சாமி. எங்க ஏரிக்கரையில இருக்காரு. இங்க யாரு கொண்டாந்தாங்க?" என்றான்.

நடுகல்லை நான் வகுப்பில் நடத்தியிருந்தேன். தொல்காப்பியம் சொல்லும் காட்சி, கால்கோள், நீர்ப்படை, நடுதல், பெரும்படை, வாழ்த்தல் என்ற, கல் நடும் ஆறு படிகளையும் கரும்பலகையில் எழுதிப் போட்டு மனப்பாடமும் செய்ய வைத்திருந்தேன். நம் பக்கத்தில் பல ஊர்களில் அந்தக் கல்லைத்தான் வேடியப்பன் என்று கும்பிடுகிறார்கள் என்பதை மட்டும் வகுப்பில் சொல்லவில்லை. அவனுக்கும் பாடத்தில் வந்த கல்லும் பொங்கலுக்குப் படையல் போடும் சாமியும் ஒன்று என்று அதுவரை தெரியாது.

அத்தனை பேரையும் அங்கேயே உட்கார வைத்தேன். நோட்டை மூடச் சொன்னேன். கையில் என்ன இருக்கிறது, கால் எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது என்று அவர்களே பார்த்துச் சொன்னார்கள். ஊர் மாடுகளை ஓட்டிக்கொண்டு போனவர்களிடம் சண்டை போட்டு, மாடுகளை மீட்டு, உயிரை விட்டவர்களுக்கு ஊரார் இப்படிக் கல் நட்டார்கள் என்று சொன்னேன். அந்தப் பையன் கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம், "அப்ப அவரு எங்க ஊரு ஆளா டீச்சர்?" என்றான். அரை மணி நேரம் அந்த ஒரு கல்லின் முன்னாலேயே போய்விட்டது. மீதி அறைகளை ஓட்டமாகத்தான் பார்த்தோம். அதில் எனக்கு வருத்தமே இல்லை.

போனில் படம் வரும், சரி. அது உள்ளங்கை அளவு. நேரில் நின்றால் பிள்ளை தன் உயரத்தையும் கல்லின் உயரத்தையும் ஒத்துப் பார்க்கும், சுற்றிப் போய்ப் பின்பக்கம் பார்க்கும், பக்கத்தில் நிற்கும் தோழியோடு வாதாடும். உங்கள் மாமியாரிடம் இன்னொன்றும் சொல்லுங்கள். அமெரிக்காவில் ஆர்கன்சா மாநிலத்தில் 2011-இல் கிரிஸ்டல் பிரிட்ஜஸ் என்ற கலை அருங்காட்சியகம் திறந்தபோது, வர விரும்பிய பள்ளிகளுக்கெல்லாம் இடம் போதவில்லை. குலுக்கல் போட்டார்கள். போய் வந்த பிள்ளைகளையும் வாய்ப்புக்காகக் காத்திருந்த பிள்ளைகளையும் ஒப்பிட்டு ஆராய்ச்சியாளர்கள் 2013-இல் முடிவை வெளியிட்டார்கள். 123 பள்ளிகள், ஏறக்குறைய 11,000 பிள்ளைகள். ஒரு படத்தைக் கூர்ந்து பார்த்துக் காரணத்தோடு பேசுவதில் போய் வந்தவர்களே மேல். கிராமத்துப் பிள்ளைகளுக்கும் வசதியில்லாத வீட்டுப் பிள்ளைகளுக்கும் அந்தப் பலன் இன்னும் கூடுதலாக இருந்தது. அங்கே அவர்கள் ஒரு மணி நேரத்தில் பார்த்தது ஐந்து ஓவியங்கள் போலத்தான். பரீட்சை எதுவும் கிடையாது. அப்படியும் வாரங்கள் கழித்துக் கேட்டபோது, அந்தப் படங்களுக்குப் பின்னால் இருந்த வரலாற்றைப் பெரும்பாலான பிள்ளைகள் நினைவில் வைத்திருந்தார்கள்.

மகள் திரும்பி வந்ததும் "என்ன கத்துக்கிட்ட?" என்று கேட்காதீர்கள். "எதுக்கு முன்னாடி ரொம்ப நேரம் நின்ன?" என்று கேளுங்கள். பாட்டியும் கூட உட்கார்ந்து கேட்கட்டும்.

கேள்வி: நான் புதிதாக வேலைக்குச் சேர்ந்த ஆசிரியர். 45 மாணவர்களை வேலூர் கோட்டைக்கு அழைத்துப் போகப் போகிறேன். என்ன தயாரிப்பு செய்ய வேண்டும்?
- ஓர் ஆசிரியர், ஆற்காடு

பதில்: வெள்ளிக்கிழமை போகாதீர்கள் தம்பி, அருங்காட்சியகத்துக்கு அன்று விடுமுறை. ஒரு வாரம் முன்னால் நீங்கள் மட்டும் தனியாகப் போய் நாலைந்து பொருள்களைத் தேர்ந்தெடுத்துக்கொள்ளுங்கள். கழிப்பறையும் குடிதண்ணீரும் எங்கே என்று பார்த்து வையுங்கள்; பெண் பிள்ளைகளுக்கு இது மிக முக்கியம். 45 பேரை ஒரே கூட்டமாக விட்டால் பின்னால் நிற்பவர்களுக்கு முன்னால் நிற்பவர்களின் முதுகுதான் தெரியும். மூன்றாகப் பிரியுங்கள்.

ஆற்காட்டுப் பிள்ளைகளுக்கு அந்தக் கோட்டையில் தனியாக ஒரு கதை இருக்கிறது, அதை விட்டுவிடாதீர்கள். ஆங்கிலேயர்கள் புதிய தலைப்பாகையை அணியச் சொன்னதையும், நெற்றிக் குறியையும் தாடியையும் தடுத்ததையும் பொறுக்காத சிப்பாய்கள் 1806 ஜூலை 10 விடியுமுன் அங்கே எழுந்தார்கள். கோட்டை அவர்கள் கைக்கு வந்தது. ஆனால் அன்று காலையிலேயே கில்லெஸ்பி என்ற அதிகாரி குதிரைப் படையோடு வந்து அதை அடக்கினார். நூற்றுக்கணக்கான சிப்பாய்கள் செத்தார்கள். அந்தக் குதிரைகள் புறப்பட்டது உங்கள் ஆற்காட்டிலிருந்துதான். போகும்போது பஸ்ஸில் நேரத்தைக் குறித்துக்கொள்ளச் சொல்லுங்கள். கோட்டை வாசலில் நின்று, குதிரைக்கு எவ்வளவு நேரம் ஆகியிருக்கும் என்று கேளுங்கள். அந்தப் படை கொஞ்சம் தாமதித்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்ற கேள்வியை அவர்களே கேட்பார்கள். பதிலை அவசரப்பட்டுச் சொல்லிவிடாதீர்கள்.

கேள்வி: டீச்சர், நாய்க்கும் நடுகல் உண்டு என்று தாத்தா சொல்கிறார். உண்மையா?
- ஏழாம் வகுப்பு மாணவி, போளூர்

பதில்: உண்மைதான் கண்ணு. செங்கம் பக்கத்தில் எடுத்தனூர் என்று ஓர் ஊர். அங்கே உள்ள நடுகல் மகேந்திரவர்ம பல்லவன் காலத்தது, ஏறக்குறைய 1,400 வருடம் பழையது. மாடுகளைக் காக்கப் போராடிச் செத்த கருந்தேவகத்தி என்ற வீரனுக்காக நட்டார்கள். அவன் பக்கத்திலேயே அவனுடைய நாயையும் செதுக்கியிருக்கிறார்கள். அது இரண்டு திருடர்களைக் கடித்துக் காவல் நின்றது என்று கல்வெட்டே சொல்கிறது. பெயரும் எழுதியிருக்கிறார்கள்: கோவிவன். உங்கள் ஊரிலிருந்து ரொம்ப தூரமில்லை. தாத்தாவையே கூட்டிக்கொண்டு போகச் சொல்.