சிரித்ததற்கு யாரிடம் அனுமதி கேட்கிறீர்கள்?

மதிப்பிற்குரிய ஐயா,

சென்ற ஞாயிற்றுக்கிழமை நானும் என் மனைவியும் வீட்டில் ‘மொலியேர்’ என்ற பிரெஞ்சுப் படத்தைப் பார்த்தோம். லொரான் திரார் இயக்கி 2007இல் வெளிவந்த படம். கடனுக்காகச் சிறைக்குப் போன இளம் நாடகக்காரன் மொலியேரை ழூர்தேன் என்ற பணக்காரர் மீட்டு, தமக்கு நடிப்புச் சொல்லிக்கொடுப்பதற்காகத் தம் வீட்டுக்கே அழைத்துச் செல்கிறார். பாதிரியார் வேடத்தில் அங்கே தங்கும் அவன், அவருடைய மனைவி எல்மீர் மீது காதல் கொள்கிறான். நாங்கள் இருவரும் விழுந்து விழுந்து சிரித்தோம். படம் முடிந்த பிறகு, பார்த்தவர்கள் என்ன சொல்லியிருக்கிறார்கள் என்று தேடி வாசித்தேன். வரலாற்றைத் திரித்த படம் என்கிறார் ஒருவர். ஷேக்ஸ்பியரைக் காதலனாகக் காட்டிய ஆங்கிலப் படத்தின் நகல் என்கிறார் இன்னொருவர். மொலியேரின் நாடகங்களை வாசிக்காதவனுக்கு இதில் பாதி புரியாது என்று பலர் சொல்கிறார்கள். நான் ஒன்றைக்கூட வாசித்ததில்லை. அப்படியானால் எதைப் பார்த்துச் சிரித்தேன் என்று எனக்கே கூச்சமாகிவிட்டது. என் மனைவியோ, “சிரித்தோம், அதற்கு மேல் என்ன வேண்டும்?” என்று சொல்லிவிட்டுத் தூங்கப் போய்விட்டாள். அந்த நாடகங்களை எந்த வரிசையில் வாசிக்க வேண்டும் என்று சொன்னால், முறையாக வாசித்துவிட்டுப் படத்தை இன்னொரு முறை சரியாகப் பார்ப்பேன்.

தங்கள் வாசகன்,
திருச்சி

அன்புள்ள நண்பருக்கு,

சில வாரங்களாக மொலியேரின் சிறிய நாடகம் ஒன்றைத் திரும்பத் திரும்ப வாசித்துக்கொண்டிருக்கிறேன். அதில் பேசப்படும் ஒரு மனிதரை உங்கள் கடிதத்தில் கண்டபோது திடுக்கிட்டேன். ஆகவேதான் இந்தப் பதில். அவரைப் பற்றிச் சொல்வதற்கு முன், உங்களைக் குழப்பிய கருத்துகளில் இரண்டைச் சுருக்கமாக முடித்துவிடுகிறேன்.

வரலாற்றைத் திரித்தது என்பது பொருளற்ற குற்றச்சாட்டு. 1645இல் மொலியேர் கடனுக்காகச் சிறைப்பட்டது உண்மை. கடன்காரர்களில் ஒருவர் அரங்குக்கு மெழுகுவர்த்தி கொடுத்தவர் என்பதும் உண்மை. அதற்குப் பின் வருபவை கற்பனை என்பதை அந்தப் படம் எங்கும் மறைக்கவில்லை. ழூர்தேனும் அவரை ஏமாற்றும் தொராந்தும் 1670இல் அரங்கேறிய ஒரு நாடகத்திலிருந்தும், எல்மீர் ‘தார்த்தூஃப்’ நாடகத்திலிருந்தும், ழூர்தேன் மயங்கிக் கிடக்கும் செலிமேன் 1666இல் வந்த ‘மனித வெறுப்பாளன்’ நாடகத்திலிருந்தும் எடுக்கப்பட்டவர்கள். ஒரு படைப்பாளி பிற்காலத்தில் உருவாக்கிய பாத்திரங்களை எல்லாம் அவனுடைய இளமைக்குள் கொண்டுவந்து உட்கார வைத்திருக்கிறார்கள். நகல் என்ற பேச்சுக்கு நான் பதில் சொல்லப்போவதில்லை. மொலியேரே இத்தாலிய நடிகர்களிடமிருந்தும் பழைய ரோமானிய நாடகங்களிலிருந்தும் வேண்டியதை எல்லாம் எடுத்துக்கொண்டவர்.

இனி அந்தக் கூச்சத்துக்கு வருகிறேன். அதைத்தான் என்னால் மன்னிக்க முடியவில்லை.

1662 டிசம்பர் 26 அன்று பாரிஸின் பலே ரொயால் அரங்கில் மொலியேரின் ‘மனைவியர் பள்ளி’ அரங்கேறியது. மனைவி அறிவற்றவளாக இருந்தால்தான் தனக்குப் பாதுகாப்பு என்று நம்பும் அர்னோல்ஃப் என்பவனின் கதை அது. அரங்கு நிறைந்தது, மக்கள் சிரித்தார்கள், கூடவே பெரும் சண்டையும் மூண்டது. ஆபாசம் என்றார்கள், நாடக இலக்கணத்தை மீறியது என்றார்கள், மதத்துக்கு எதிரானது என்றார்கள். மொலியேர் அதற்கு எழுதிய பதில்தான் நான் வாசித்துக்கொண்டிருக்கும் நாடகம். 1663 ஜூன் 1 அன்று மேடையேறிய ‘மனைவியர் பள்ளி பற்றிய விமர்சனம்’ என்னும் அதில் கதை என்று எதுவும் கிடையாது. ஒரு வீட்டு வரவேற்பறையில் சில மனிதர்கள் கூடி, அந்த நாடகம் நன்றாக இருந்ததா இல்லையா என்று வாதிடுகிறார்கள். நீங்கள் நள்ளிரவில் உட்கார்ந்து வாசித்த கருத்துகள் அனைத்தையும், அவற்றைச் சொல்பவர்களின் முகங்களோடு, 360 ஆண்டுகளுக்கு முன்பே அவர் மேடையில் நிறுத்திவிட்டார்.

அங்கே ஒரு பிரபு இருக்கிறான். நாடகம் ஏன் பிடிக்கவில்லை என்று கேட்டால் ‘கிரீம் டார்ட்’ என்கிறான். விளக்கம் கேட்டால் மறுபடியும் ‘கிரீம் டார்ட்’ என்கிறான். மூல நாடகத்தின் முதல் காட்சியில் அர்னோல்ஃப், எதுகை சேர்க்கும் ஒரு விளையாட்டில் தன் மனைவி எதுகை தெரியாமல் ‘கிரீம் டார்ட்’ என்று பதில் சொல்ல வேண்டும், தனக்கு அத்தகைய பேதைதான் வேண்டும் என்கிறான். கேலி அர்னோல்ஃபின் மீது விழுகிறது. அதைப் புரிந்துகொள்ளாத பிரபு, கூடியிருந்த ஒரு பெண் எடுத்துக்கொடுத்ததும் அந்தச் சொல்லையே பிடித்துக்கொண்டு தொங்குகிறான். ‘வரலாற்றுத் திரிபு’, ‘நகல்’ என்ற சொற்களை நீங்கள் எடுத்துக்கொண்டு வந்திருக்கும் விதத்தில் எனக்கு அவனுடைய குரல் கேட்கிறது. அந்தச் சொற்களைச் சொன்னவர்களாவது தாங்கள் எண்ணியதைச் சொன்னார்கள். நீங்கள் கேட்டதைச் சொல்கிறீர்கள்.

என்னைத் திடுக்கிட வைத்த மனிதர் வேறொருவர். அவர் மேடைக்கு வருவதில்லை. தொராந்த் என்ற பாத்திரம் அவரைப் பற்றிச் சொல்லும். (படத்தில் வரும் ஏமாற்றுக்கார தொராந்த் வேறு, நாடகத்தை ஆதரித்துப் பேசும் இவர் வேறு.) அந்தக் காலத்தில் செல்வர்கள் மேடையின் மீதே நாற்காலி போட்டு உட்கார்ந்து நாடகம் பார்த்தார்கள். அதற்குக் கட்டணம் அரை லூயி தங்கக் காசு. மேடைக்கு எதிரே இருந்த இருக்கையில்லாத தரைப்பகுதியில் நின்று பார்ப்பதற்குப் பதினைந்து சூ என்னும் சில்லறைக் காசு. இரண்டுக்கும் ஏறத்தாழ ஏழு மடங்கு வித்தியாசம். நம் டூரிங் கொட்டகையின் தரை டிக்கெட்டை நினைத்துக்கொள்ளுங்கள், அங்கே உட்காரக்கூட முடியாது. மேடையில் அமர்ந்திருந்த அந்தச் செல்வர் நாடகம் முழுவதையும் முகத்தைச் சுளித்துக்கொண்டே பார்த்தாராம். தரையில் நின்றவர்கள் சிரித்தபோதெல்லாம் தோளைக் குலுக்கி, அவர்களை இரக்கத்தோடு நோக்கி, “சிரி, தரையே, சிரி!” என்று உரக்கச் சொன்னாராம். நல்ல ரசனைக்கும் அரைத் தங்கக் காசுக்கும் பதினைந்து சூவுக்கும் இடையிலுள்ள வித்தியாசத்துக்கும் எந்தத் தொடர்பும் இல்லை என்று தொராந்த் அதற்குப் பதில் சொல்கிறார். தரையில் நிற்பவர்களின் தீர்ப்பைத் தாம் நம்புவதற்கு அவர் சொல்லும் காரணம், அவர்களில் சிலர் இலக்கணம் தெரிந்து மதிப்பிடக்கூடியவர்கள், பெரும்பாலானவர்கள் நாடகம் தங்களைப் பிடித்து இழுக்கும்போது அதற்கு இடம் கொடுத்துவிடுகிறவர்கள் என்பது.

நண்பரே, ஞாயிற்றுக்கிழமை இரவு ஒன்பது மணிக்குத் தரையில் நின்று சிரித்த நீங்கள், பதினொன்றரை மணிக்கு மேடையில் ஏறி நாற்காலி போட்டு உட்கார்ந்து, கீழே நின்ற உங்களையே பார்த்துத் தோளைக் குலுக்கியிருக்கிறீர்கள். உங்கள் மனைவி தரையிலேயே நின்றார். தொராந்தின் கட்சி அவர்தான்.

‘முறையாக’, ‘சரியாக’ என்று எழுதியிருக்கிறீர்கள். சிரிப்பைப் பரீட்சை எழுதித் தேறியவருக்கே உரிய சலுகையாக நினைக்கும் இந்தப் பழக்கம் நமக்குப் பள்ளிக்கூடத்திலிருந்து வந்தது. அழுதுவிட்டு யாரும் கூச்சப்படுவதில்லை. சோகத்தைப் பார்த்து அழுதால் மனம் பண்பட்டிருப்பதாக நம்மை நாமே மெச்சிக்கொள்கிறோம். சிரித்தால் மட்டும் ஏமாந்துவிட்டோமோ என்று அஞ்சுகிறோம். மொலியேருக்கே இந்த அச்சம் இருந்திருக்கிறது. 1658 அக்டோபர் 24 அன்று லூவர் அரண்மனையில் பதினான்காம் லூயியின் முன் முதன்முதலாக நடித்தபோது அவர் அக்காலத்துப் புகழ்பெற்ற நாடகாசிரியர் கொர்னேயின் சோக நாடகத்தைத்தான் தேர்ந்தெடுத்தார். அது எடுபடவில்லை. நாடு சுற்றியபோது ஊர்களில் ஆடிக்காட்டிய சிறு நகைச்சுவை ஒன்றை ஆட அனுமதி கேட்டார், அரசன் சிரித்தான், பாரிஸில் தங்க இடம் கிடைத்தது. அதன் பிறகும் 1661இல் வீர ரசம் ததும்ப ‘தோன் கார்சி’ என்ற நாடகத்தை எழுதி, ஏழே முறை மேடையேறியதோடு அது படுத்துவிட்டதைப் பார்த்தார். படத்தின் இறுதியில், மரணப் படுக்கையில் கிடக்கும் எல்மீரைப் பார்த்த பின் மொலியேர் தம் பாதையைக் கண்டுகொள்வதை மிகை உணர்ச்சி என்று சொல்பவர்கள் உண்டு. எனக்கு அந்தக் காட்சியில் கண் கலங்கியது. பதின்மூன்று ஆண்டுகள் ஊர் ஊராகத் திரிந்தும் தன் கையிலிருப்பது பொன் என்று தெரியாத ஒருவனுக்கு, அதை யாராவது சொல்லத்தானே வேண்டும்?

சோகத்தைவிட நகைச்சுவை கடினமானது என்றும் தொராந்த் வாதிடுகிறார். வீரர்களை நம் விருப்பம்போல் வரையலாம். சாதாரண மனிதர்களை வரையும்போது அவர்களைப் போலவே இருக்க வேண்டும், பார்ப்பவர்கள் தம் காலத்து மனிதர்களை அதில் அடையாளம் காண வேண்டும். இதன் பொருள் எனக்கு என் தந்தையால் விளங்கியது.

1987இல் நான் புதுச்சேரியில் வேலையில் இருந்தேன். என்னைப் பார்க்க வந்திருந்த அப்பாவை ஒரு மாலை மொலியேரின் ‘கருமி’ நாடகத்துக்கு அழைத்துச் சென்றேன். கல்லூரி மாணவர்கள் பிரெஞ்சிலேயே நடித்தார்கள். அப்பாவுக்குப் பிரெஞ்சில் ஒரு சொல்லும் தெரியாது. நாற்பது ஆண்டுகள் மளிகைக் கடை வைத்திருந்தவர். கதையை மட்டும் முன்கூட்டியே சொல்லியிருந்தேன். தோட்டத்தில் புதைத்து வைத்த பணப்பெட்டி களவுபோன பின் அர்பகோன் என்ற அந்தக் கருமி தனியாக அலறும் காட்சி வந்தது. திருடனைப் பிடித்துவிட்டதாக நினைத்துத் தன் கையையே பிடித்துக்கொள்கிறான். அப்பா கண்ணில் நீர் வரச் சிரித்தார். பிறகு அர்பகோன் அரங்கின் பக்கம் திரும்பி, இத்தனை பேர் கூடியிருக்கிறார்களே, என் திருடன் உங்களில் இருக்கிறானா, ஏன் என்னைப் பார்த்துச் சிரிக்கிறீர்கள் என்று கேட்கிறான். சுற்றிலும் இன்னும் பலமாகச் சிரித்தார்கள். அப்பாவின் சிரிப்பு நின்றுவிட்டது.

வெளியே வந்து கடற்கரைச் சாலையில் வெகுதூரம் பேசாமல் நடந்தார். பிறகு, “உன் அத்தை ஒரு தடவை ஆஸ்பத்திரிச் செலவுக்கு முந்நூறு ரூபாய் கேட்டாள். கல்லாவில் இருந்தது. இல்லை என்று சொல்லிவிட்டேன்” என்றார். அதற்கு முன்பும் பின்பும் அவர் அதைச் சொன்னதில்லை. எந்த நாடகத்தை எந்த வரிசையில் வாசித்துவிட்டு அவர் அங்கே வந்து உட்கார்ந்தார்?

பக்தி வேடமிட்டு ஏமாற்றுபவனைக் கேலி செய்யும் ‘தார்த்தூஃப்’ 1664 மே மாதம் வெர்சாயில் நடிக்கப்பட்டவுடன் தடைசெய்யப்பட்டு, 1669 பிப்ரவரியில்தான் முழு விடுதலை பெற்றது. அதை எழுதியவரை நெருப்பிலிட வேண்டும் என்று ஒரு பாதிரியார் அச்சிட்டே வெளியிட்டார். அந்த நாடகத்தின் முன்னால் அமர்ந்திருந்த பலருக்கும் என் அப்பாவுக்கு நேர்ந்தது நேர்ந்திருக்க வேண்டும், அவர்களிடம் அதை ஒப்புக்கொள்ளும் மனம் இல்லை.

வரிசை கேட்டிருந்தீர்கள். ‘கருமி’யை எடுங்கள். உரைநடையில் எழுதப்பட்டது, மொழிபெயர்ப்பிலும் உயிரோடு நிற்பது. முதல் பக்கத்திலிருந்து தொடங்க வேண்டியதுகூட இல்லை. நான்காம் அங்கத்தின் ஏழாம் காட்சியை உங்கள் மனைவிக்கு உரக்க வாசித்துக்காட்டுங்கள். அவர் எந்த இடத்தில் சிரித்தார் என்று எனக்கு எழுதுங்கள்.

அன்புடன்.