பிணையில் வந்த தம்பி கொழும்புக்கு வேலைக்குப் போகலாமா?

சுன்னாகம் பக்கத்தில் இருந்து ஒரு அக்கா கேட்டிருக்கிறார். மைதானத்தில் நடந்த அடிபாட்டில் ஒருவருக்குத் தலையில் காயம். தம்பி விளக்கமறியலில் இருந்துவிட்டு மல்லாகம் நீதவான் நீதிமன்றத்தில் பிணையில் வந்திருக்கிறார். தலா 5 இலட்சம் ரூபாயில் இரண்டு ஆட்பிணை (காசு கட்டாமல் இரண்டு பேர் பொறுப்பு நின்று கையெழுத்துப் போடுவது), ஞாயிறுதோறும் பொலிஸ் நிலையத்தில் கையெழுத்து, வெளிநாடு போகத் தடை, முறைப்பாட்டாளரோடும் சாட்சிகளோடும் தொடர்பு கூடாது என்று நிபந்தனைகள். காயப்பட்டவரின் வீடு அடுத்த ஒழுங்கையில். "நான் போய்க் கதைத்து முடிக்கிறேன்" என்று பெரியப்பா நிற்கிறார், தம்பிக்குக் கொழும்பில் வேலையும் சரிவந்திருக்கிறது.

முதலில் பெரியப்பாவை நிறுத்துங்கள். அவர் நல்ல மனதோடுதான் போவார், ஆனால் நாளைக்கு அந்த வீட்டுக்காரர் பொலிஸில் போய் "வழக்கை வாபஸ் வாங்கச் சொல்லி ஆள் அனுப்பினார்கள்" என்று ஒரு வார்த்தை சொன்னால், சாட்சிக்கு அழுத்தம் கொடுத்ததாகத்தான் அது பார்க்கப்படும். 1997 ஆம் ஆண்டின் 30 ஆம் இலக்கப் பிணைச் சட்டம் பிணை கொடுப்பதையே பொது விதியாக வைத்திருக்கிறது, மறுப்பது விதிவிலக்கு. அதே சட்டத்தின் 14 ஆம் பிரிவில்தான் கொடுத்த பிணையை ரத்துச் செய்யும் காரணங்களும் இருக்கின்றன: வழக்குக்கு வரமாட்டார், சாட்சிகளில் தலையிடுவார், பிணையில் இருக்கும்போது இன்னொரு குற்றம் செய்வார் என்று நம்ப இடமிருந்தால் நீதிமன்றம் அவரைத் திரும்ப உள்ளே அனுப்பலாம். இதைவிட, சாட்சியை மிரட்டுவது 2023 இல் வந்த சாட்சிகள் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் தனிக் குற்றம். பழைய அடிபாட்டு வழக்கைவிட அது பாரமாகிவிடும்.

தம்பி நேரே போனால்தான் தொடர்பு என்றில்லை. கூட்டாளி மூலம் சொல்லி அனுப்புவது, வட்ஸ்அப் ஸ்டேட்டஸில் பெயர் போடாமல் குத்திக் காட்டுவது, கழகத்துப் பெடியள் போடும் பேஸ்புக் பதிவுக்குக் கீழே சிரிப்புக் குறி போடுவது, எல்லாவற்றையும் ஸ்கிரீன்ஷொட் எடுத்துக் கொண்டுவந்து நீதிமன்றத்தில் காட்டுவார்கள். கோயில் திருவிழாவில், கடையில் எதிர்ப்பட்டால் ஒன்றும் பேசாமல் விலகிப் போகட்டும். அவர்கள் வலிய வந்து வம்பு இழுத்தாலும் பதில் சொல்லாமல் சட்டத்தரணிக்குச் சொல்லுங்கள். சமாதானம் ஆகவே கூடாது என்று நான் சொல்லவில்லை. சிறு காயம் போன்ற குற்றங்களை நீதிமன்றத்தின் அனுமதியோடு இணக்கமாக முடிக்கலாம், சில, இரு தரப்பையும் இருத்திப் பேசித் தீர்க்கும் இணக்க சபைக்கும் போகும். காயம் எவ்வளவு பாரதூரம் என்று சட்ட வைத்திய அதிகாரியின் அறிக்கையில் இருக்கும். அதைப் பார்த்துவிட்டு, சட்டத்தரணி மூலம் நீதிமன்றத்தின் முன்னால் பேசுங்கள்.

சரி, கொழும்பு வேலை. ஊரைவிட்டுப் போகக்கூடாது என்று நிபந்தனை இல்லாவிட்டால் போகலாம், ஆனால் ஞாயிற்றுக் கையெழுத்து நிற்கக்கூடாது. வேலைக் கடிதத்தையும் தங்கப்போகும் முகவரியையும் வைத்து சட்டத்தரணி ஒரு நகர்த்தல் பத்திரம் (நீதிமன்றத்துக்கு எழுத்தில் கொடுக்கும் விண்ணப்பம்) போட்டு, கையெழுத்தைக் கொழும்பில் ஒரு பொலிஸ் நிலையத்துக்கு மாற்றிக் கேட்கலாம். கட்டளை கையில் வரும்வரை ஊரில்தான் கையெழுத்து. "பரவாயில்லை தம்பி, அடுத்த கிழமை சேர்த்துப் போடு" என்று ஒரு பொலிஸ்காரர் வாயால் சொல்வதை நம்பி விடவேண்டாம், நிபந்தனையை மாற்றும் அதிகாரம் நீதிமன்றத்துக்கு மட்டும்தான். ஒரு சின்னக் கொப்பியில் போன திகதி, நேரம், கடமையில் இருந்த உத்தியோகத்தர் பெயர் எழுதி வைக்கட்டும். ஒருநாள் பதிவேட்டில் கையெழுத்தைக் காணவில்லை என்று பிரச்சினை வந்தால் சொல்ல ஏதாவது இருக்கவேண்டும்.

வழக்குத் தவணைக்கு, அதாவது நீதிமன்றம் வரச்சொன்ன திகதிக்கு, வராமல் விடுவதுதான் எல்லாவற்றிலும் மோசம். அன்றைக்கே பிடியாணை பிறக்கும், பிணையாளர்களுக்கும் அறிவித்தல் போகும். ஆட்பிணை என்றால் காசு இப்போது கட்டவில்லை என்று பலர் லேசாக எடுக்கிறார்கள். ஆள் வராவிட்டால் அந்த 5 இலட்சத்தைப் பிணை நின்றவரிடம்தான் நீதிமன்றம் கேட்கும். நம்பிக்கை போனால் அவர் பிணையிலிருந்து விலக விண்ணப்பிக்கவும் முடியும், அப்போது தம்பி புது ஆள் தேடவேண்டும், கிடைக்கும்வரை விளக்கமறியல்தான். உண்மையில் உடம்புக்கு வருத்தம் என்றால் அரச வைத்தியசாலைச் சான்றிதழோடு சட்டத்தரணி அன்றைக்கே மன்றில் சொல்லவேண்டும். தவறிப் பிடியாணை வந்துவிட்டால் ஒளிக்கவேண்டாம். பொலிஸ் தேடி வரமுன் சட்டத்தரணியோடு நீதிமன்றத்துக்குத் தானாக வந்தால் அதை மீளப்பெறக் கேட்கலாம், பிடிபட்டு வந்தால் அந்தப் பேச்சு எடுபடுவது கடினம்.

அப்புறம் வெளிநாட்டுத் தடை. அது கட்டுநாயக்கவில் மட்டும் அல்ல, பலாலியில் சென்னை விமானத்துக்கும், காங்கேசன்துறையில் நாகபட்டினம் கப்பலுக்கும் அதே குடிவரவுக் கணினிதான். உண்மையான தேவை இருந்தால் திரும்பி வரும் திகதியோடு தற்காலிகமாகத் தடையை நீக்கக் கேட்கலாம். சட்டத்தரணிக்குக் காசு இல்லை என்றால் யாழ்ப்பாணத்தில் சட்ட உதவி ஆணைக்குழுவின் அலுவலகம் இருக்கிறது. வருமானத்துக்கும் வதிவிடத்துக்கும் அத்தாட்சி கேட்பார்கள், அதனால் கிராம சேவகரின் கடிதத்தை முதலே எடுத்துக்கொண்டு போங்கள்.