இருதயம் சுத்தமாகும்வரை நன்மை செய்யாமல் இருக்கலாமா?

அன்புள்ள ஆலோசகருக்கு,

நான் திருநெல்வேலிப் பக்கம் ஒரு கிராமத்தில் ஆசிரியை. சபையில் ஓய்வுநாள் பள்ளி நடத்துகிறேன். எங்கள் தெருவில் தனியாக இருக்கும் ஒரு பாட்டிக்குச் சர்க்கரை மாத்திரை வாங்கிக் கொடுப்பேன், ஆஸ்பத்திரிக்கும் கூட்டிப் போவேன். சபையார் கூடி உண்ணும் அசனப் பண்டிகையில் போன முறை, அரிசிக்கு நான் கொடுத்த காணிக்கையை மைக்கில் பெயரோடு அறிவித்தார்கள். மனசு குளிர்ந்துபோனது. உடனே, ‘இதற்காகத்தான் கொடுத்தாயா?’ என்று உள்ளே ஒரு கேள்வி. அன்றிலிருந்து அது என்னை விடவில்லை. பாட்டி வீட்டுக்குப் போனால், நாலு பேர் பார்க்கத்தானே போகிறாய் என்கிறது. ஜெபத்தில் அழுதால் அதுவும் நடிப்போ என்று தோன்றுகிறது. இரவில் ஒரே பாவத்தைத் திரும்பத் திரும்ப அறிக்கை செய்கிறேன். படுத்த பிறகு, உண்மையாகச் சொன்னேனா என்ற பயத்தில் எழுந்து மறுபடி முழங்காலிடுகிறேன். ஆயர் ஐயா ஆறுதல் சொன்னார். வீடு வந்து சேர்வதற்குள் அது போய்விட்டது. இருதயம் சுத்தமாகட்டும் என்று பாட்டி வீட்டுக்குப் போவதையும் நிறுத்திவிட்டேன். நான் செய்வது சரிதானா?

– ஒரு சகோதரி

அன்புச் சகோதரி,

நாளைக்கே பாட்டியைப் போய்ப் பாருங்கள். மாத்திரை தீர்ந்திருக்கலாம். உங்கள் மனப் போராட்டத்துக்கான விலையை இப்போது கொடுப்பவர் அவர்தான். அது எனக்குச் சரியாகப் படவில்லை.

பெயரைக் கேட்டு மகிழ்ந்தீர்கள். அந்த மகிழ்ச்சி வந்ததாலேயே நீங்கள் அதற்காகக் கொடுத்தீர்கள் என்று ஆகிவிடாது. அன்போடு கொஞ்சம் பெருமையும் கலந்திருக்கலாம்தான். நம்மில் யாருடைய நோக்கமும் கலப்பில்லாமல் இருப்பதில்லை.

மத்தேயு 6-ஐ நிதானமாக வாசியுங்கள். மனுஷர் காணவேண்டுமென்று தர்மம் செய்யாதிருங்கள் என்கிற இயேசு, நோக்கம் தெளியும்வரை தர்மத்தை நிறுத்திவை என்று சொல்லவில்லை. அந்தரங்கமாகக் கொடு, அறைவீட்டுக்குள் போய்க் கதவைப் பூட்டி ஜெபம்பண்ணு என்கிறார். மனதைத் தோண்டச் சொல்லாமல், கைக்கு ஒரு வேலை கொடுக்கிறார். அடுத்த பண்டிகைக்குப் பெயரை அறிவிக்க வேண்டாம் என்று பொருளாளரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். உங்களுக்கு வந்த கேள்விக்கு அந்த ஒரு செயல் போதும்.

அப்போஸ்தலன் பவுலையும் பாருங்கள். அவர் காவலில் கட்டப்பட்டிருந்தபோது சிலர் பொறாமையால் கிறிஸ்துவைப் பிரசங்கித்தார்கள். எப்படியாவது கிறிஸ்து அறிவிக்கப்படுகிறாரே என்று அவர் சந்தோஷப்பட்டதைப் பிலிப்பியர் முதல் அதிகாரத்தில் வாசிக்கிறோம். தன்னைப் பற்றியோ, ‘நானும் என்னைக்குறித்துத் தீர்ப்புச்சொல்லுகிறதில்லை’ என்று கொரிந்தியருக்கு எழுதினார். இருதயங்களின் யோசனைகளைக் கர்த்தர் வரும்போது வெளிப்படுத்துவார் என்று விட்டுவிட்டார். இருதயம் திருக்குள்ளது, அதாவது வஞ்சகமுள்ளது என்ற எரேமியா 17:9 உங்களுக்கு மனப்பாடமாக இருக்கும். அடுத்த வசனத்தில், இருதயத்தை ஆராய்கிறவர் நானே என்று கர்த்தர் சொல்கிறார். 139-ஆம் சங்கீதக்காரனும் ‘என்னை ஆராய்ந்து’ பாரும் என்று தேவனிடம்தான் கேட்கிறான். அந்த வேலையை அவர் கையிலிருந்து நீங்கள் வாங்கிக்கொள்ள வேண்டாம்.

உங்களை நீங்கள் சோதித்துப் பார்ப்பது நல்லதுதான். ஆனால் அது ஏதாவது ஒரு மாற்றத்தில் போய் முடிய வேண்டும். அதே கேள்வி, அதே அறிக்கை, கொஞ்ச நேர நிம்மதி, மறுபடி பயம் என்று சுற்றிக்கொண்டே இருந்தால் அதை வைராக்கியமாக எண்ண வேண்டாம். ஓசிடி என்னும் எண்ணச் சுழற்சி நோய் சிலருக்குப் பக்தியின் உருவில் வரும். துறவியாக இருந்த நாட்களில் சபைச் சீர்திருத்தவாதி மார்ட்டின் லூத்தர் மணிக்கணக்காகப் பாவ அறிக்கை செய்தும் நிம்மதி அடையாமல் தவித்தார். அவரிடம் விசுவாசம் குறைவாக இருந்தது என்று யார் சொல்வார்கள்? கடிதத்தை மட்டும் வைத்து உங்களுக்கு இந்த நோய் இருக்கிறது என்று என்னால் முடிவு சொல்ல இயலாது. ஆனாலும் இரவில் எழுந்து எழுந்து முழங்காலிடுவதைக் கட்டாயம் ஒரு மனநல மருத்துவரிடம் சொல்லுங்கள்.

ஒவ்வொரு முறை மறுபடி அறிக்கை செய்யும்போதும் பயம் சற்று அடங்குகிறது. அதனாலேயே அடுத்த முறையும் மனம் அதையே கேட்கிறது. சிகிச்சையில், பயம் வந்தாலும் மறுபடி அறிக்கை செய்யாமல் பொறுத்திருக்கப் படிப்படியாகப் பழக்குவார்கள். தேவைப்பட்டால் மருந்தும் உண்டு. ஆயர் ஐயாவிடமும் இதை விளக்கி, ‘ஒருமுறை ஜெபித்தால் போதும், திரும்பத் திரும்ப ஆறுதல் கேட்டு வந்தால் சொல்லாதீர்கள்’ என்று கேட்டுக்கொள்ளுங்கள். உடனே யாரிடமாவது பேச வேண்டும் என்றால் அரசின் மனநல உதவிச் சேவையான டெலி மானஸின் இலவச எண் 14416. எந்நேரமும் பேசலாம், தமிழிலும் பேசுவார்கள்.