சிலிண்டருக்குக் கொடுத்த பணம் யாருடையது?

கேள்வி: என் மகன் பிளஸ் 1 படிக்கிறான். ஒன்பதாம் வகுப்பு விடுமுறையில் வலைப்பூ ஒன்று தொடங்கினான். அறிவியல், கணக்குப் பாடக் குறிப்புகள், மாதிரி வினாத்தாள்கள் எல்லாம் தமிழில் எழுதிப் போடுகிறான். அந்தப் பக்கத்தில் கூகுள் ஆட்சென்ஸ் காட்டும் விளம்பரங்களுக்குப் பணம் வருகிறது. அவனுக்கு வயது போதாததால் கணக்கு என் பெயரில். இதுவரை மூன்று முறை பணம் வந்திருக்கிறது. போன மாதம் சிலிண்டர் வந்த அன்று கையில் காசு இல்லை, அதிலிருந்துதான் எடுத்துக் கொடுத்தேன். என் கணவர் மில்லில் ஷிஃப்ட் பார்க்கிறார். அவருக்கு இதெல்லாம் தெரியாது. காலாண்டுத் தேர்வில் இயற்பியலில் மதிப்பெண் குறைந்துவிட்டது. இரவு 12 மணி வரை போனும் கையுமாக இருக்கிறான். நிறுத்தச் சொல்லவா, விட்டுவிடவா? எட்டாம் வகுப்பு படிக்கும் மகளும் கேட்கிறாள், அவளுக்கும் தொடங்கிக் கொடுக்கலாமா?
- பெயர் வெளியிட விரும்பாத வாசகி, ராஜபாளையம்.

பதில்: சகோதரி, படிப்பு கெடுமா என்று கேட்டு எனக்கு வராத கடிதம் இல்லை. அதற்குப் பிறகு வருகிறேன். சிலிண்டரை ஒரே வரியில் சொல்லிவிட்டுத் தாண்டிப் போய்விட்டீர்களே, அங்கே கொஞ்சம் நில்லுங்கள்.

எடுப்பதற்கு முன் மகனிடம் கேட்டீர்களா? கேட்டதாகக் கடிதத்தில் இல்லை. திருப்பி வைத்ததாகவும் இல்லை. கணவரிடமும் மூச்சு விடவில்லை. அவர் சம்பளத்தில் மாதம் எவ்வளவு துண்டு விழுகிறது என்று அவருக்கே தெரியாமல், பள்ளிக்கூடம் போகும் பிள்ளை அதை அடைத்துக்கொண்டிருக்கிறான். இது ஒருமுறைதான் என்று நீங்கள் சொல்லலாம். அடுத்த முறை மளிகைக் கடை பாக்கி வரும், அதற்கடுத்து தீபாவளி வரும்.

மகன் கவனிக்கவில்லை என்று நினைக்காதீர்கள். கணக்கு உங்கள் பெயரில் இருந்தாலும் ஒவ்வொரு டாலராக ஏறுவதை அவன்தான் பார்த்துக்கொண்டிருக்கிறான். இரவு 12 மணி வரை அந்தப் போனில் அவன் எழுதுகிறானா, இன்று எவ்வளவு சேர்ந்தது என்று எண்ணுகிறானா? போய்ப் பாருங்கள். எண்ணுகிறான் என்றால், எண்ண வைத்தது யார்?

இந்தப் பணம் வரும் வழியைத் தெரிந்துகொள்ளுங்கள். ஆட்சென்ஸில் தமிழ்ப் பக்கங்களுக்கு 2018 முதல் இடம் உண்டு. ஆனால் 100 டாலர் சேரும்வரை ஒரு பைசா கைக்கு வராது; சேராவிட்டால் அடுத்த மாதத்துக்குத் தள்ளிப்போகும். பாடக் குறிப்பு எழுதும் வலைப்பூவுக்கு பொதுத்தேர்வு நெருங்கும்போது கூட்டம் அலைமோதும். தேர்வு முடிந்த மறுநாள் ஈ காக்கை இருக்காது. இப்படிப்பட்ட வருமானத்தை நம்பி அடுப்பு எரிந்தால், கூட்டம் இல்லாத மாதத்தில் பையன் என்ன செய்வான்? தன் பக்கத்து விளம்பரத்தைத் தானே சொடுக்கத் தோன்றும். வகுப்பு நண்பர்களிடம் “ஆளுக்கு நாலு தடவை அமுக்குங்கடா” என்று சொல்லத் தோன்றும். யாரோ உழைத்து எழுதிய கைடிலிருந்து பக்கம் பக்கமாக எடுத்துப் போடத் தோன்றும். முதல் இரண்டையும் கூகுள் கண்டுபிடித்தால் கணக்கை முடக்கிவிடும், சேர்ந்திருக்கும் பணமும் போகும். மூன்றாவதற்குப் பெயர் திருட்டு. ஆசைக்காக எழுதும் பிள்ளைக்கு இந்த நெருக்கடியெல்லாம் இல்லை. வருமானம் குறைந்தால் குறைந்துவிட்டுப் போகிறது.

முடங்கப் போவதும் உங்கள் பெயர்தான். 18 வயது ஆகாதவர்கள் அந்தக் கணக்கை வைத்துக்கொள்ள முடியாது என்பதால்தானே பெரியவர் பெயர் தேவைப்பட்டது? முகவரியைச் சரிபார்க்க கூகுளிடமிருந்து தபாலில் பின் எண் வந்திருக்கும், அதைப் பிரித்து மகன் கையில் கொடுத்ததோடு உங்கள் வேலை முடிந்ததாக நினைத்திருப்பீர்கள். விதிகளுக்குக் கட்டுப்படுகிறேன் என்று ஒப்புக்கொண்டவர் நீங்கள். அவன் என்ன எழுதுகிறான், கூகுளிடமிருந்து என்ன மின்னஞ்சல் வருகிறது என்று ஒரு நாளாவது பார்த்தீர்களா?

பெற்றவர்களுக்குப் பிள்ளை சம்பாதித்துப் போடுவதில் தவறு என்ன என்று கேட்பவர்கள் உண்டு. வேலைக்குப் போன பிறகு போடட்டும், போடத்தான் வேண்டும். போடாதவனை இதே பக்கத்தில் நான் திட்டியிருக்கிறேன். பள்ளிக்கூடம் முடிகிறவரை சோறு போட வேண்டியது பெற்றவர்கள் கடமை. இயலவில்லை என்றால் கணவனும் மனைவியும் உட்கார்ந்து பேசி, கூடுதல் ஷிஃப்டோ, உங்களுக்கு ஒரு வேலையோ, செலவில் ஒரு வெட்டோ பார்க்க வேண்டும். பிள்ளை முதுகில் சத்தமில்லாமல் ஏறிக்கொள்வது எனக்குச் சம்மதமே இல்லை.

அதனால் முதலில் கணவரிடம் சொல்லுங்கள். சத்தம் போடுவார், போடட்டும். மகன் சம்பாதித்ததைப் பெருமையாகச் சொல்லிவிட்டு, நீங்கள் எடுத்ததை விழுங்கிவிடாதீர்கள். எடுத்த தொகையை அடுத்த சம்பளத்தில் மகனுக்குத் திருப்பிக் கொடுங்கள், கணவர் முன்னிலையிலேயே. பத்து வயது தாண்டிய பிள்ளைகள் தாங்களே நடத்தும் சேமிப்புக் கணக்குக்கு ரிசர்வ் வங்கி 2025-இல் வழி செய்திருக்கிறது. உங்கள் வங்கியில் விசாரித்து ஒன்று தொடங்குங்கள். உங்கள் கணக்குக்கு வரும் விளம்பரப் பணத்தை அன்றே அதற்கு மாற்றிவிடுங்கள். தொகை பெருகினால் வருமான வரிக்கு ஒரு ஆடிட்டரைப் பாருங்கள். சிறுவன் தன் திறமையால் ஈட்டுவதைப் பெற்றோர் வருமானத்தோடு சேர்ப்பதில்லை. உங்களை விடச் சட்டம் தெளிவாக இருக்கிறது பாருங்கள்.

இயற்பியலுக்கு வருகிறேன். வலைப்பூவை நிறுத்த வேண்டாம். பாடத்தை அடுத்தவருக்குப் புரிகிற மாதிரி எழுதத் தெரிந்த பையன் மக்கு இல்லை. இரவு பத்து மணிக்குப் போன் உங்கள் அலமாரிக்குள் போகட்டும். அப்போதுகூட, அவன் பணத்தைத் திருப்பிக் கொடுத்த பிறகு சொன்னால்தான் உங்கள் சொல் எடுபடும். கடன் வைத்திருப்பவர் அதட்டினால் எந்தப் பிள்ளை கேட்கும்?

மகள் எழுத ஆசைப்பட்டால் தாராளமாக எழுதட்டும். விளம்பரம் வேண்டாம். அவளுக்கும் அண்ணனைப் போல் வரும் என்று மனத்துக்குள் ஒரு கணக்குப் போட்டிருந்தால், அதை இன்றைக்கே அழித்துவிடுங்கள்.