எட்டு வருடம் வெயிலில் நின்ற சிவப்பு கார்: பாலிஷ் போதுமா, பெயிண்ட் அடிக்க வேண்டுமா?

கேள்வி கேட்டவருக்கு அபார்ட்மெண்டில் பார்க்கிங் இல்லை, கார் எட்டு வருடமாகச் சென்னையில் தெருவில் நிற்கிறது. பானட்டும் டாப்பும் வெளுத்துவிட்டன, டோர்கள் பரவாயில்லை. பாலிஷ் போட்டால் சரியாகுமா, இனிமேல் எப்படிக் காப்பாற்றுவது என்று கேட்டிருக்கிறார்.

பட்டறைக்குப் போகும் முன் ஒரு சொம்புத் தண்ணீரில் பாதி பதில் தெரிந்துவிடும். காலையில் தகடு சூடாவதற்கு முன்னால் பானட்டைக் கழுவிக் காயவிட்டு, மங்கிய இடத்தில் தண்ணீரை ஊற்றிப் பாருங்கள். ஈரமாக இருக்கும்வரை பழைய சிவப்பு திரும்பி, காய்ந்ததும் மறுபடி வெளுத்தால் கெட்டிருப்பது மேற்பரப்பு மட்டும்தான். பாலிஷில் மீண்டுவிடும். ஈரத்திலும் வெள்ளைத் திட்டுகள் அப்படியே தெரிந்து, திட்டின் ஓரத்தில் நகத்தை வைத்தால் வெங்காயச் சருகு மாதிரி உரிந்து வந்தால், மேலே இருந்த கிளியர் கோட், அதாவது நிறமில்லாத மேல் பூச்சு, போய்விட்டது என்று அர்த்தம். மூன்றாவதாக ஒன்று உண்டு: உரிசல் எதுவும் இல்லை, ஆனால் நனைத்தாலும் சிவப்பு வெளிறியேதான் இருக்கிறது. அப்படியானால் நிறமே செத்துவிட்டது. சந்தேகம் இருந்தால் பெட்ரோல் டேங்க் கதவைத் திறந்து உள்பக்கம் பாருங்கள். வெயில் படாத அந்த இடத்தில் இருப்பதுதான் ஷோரூமிலிருந்து வந்தபோது இருந்த நிறம்.

தண்ணீர் ஏன் இப்படிக் காட்டிக்கொடுக்கிறது? தகட்டின் மேல் பிரைமர், அதற்கு மேல் நிறம், அதற்கும் மேல் நிறமில்லாத கிளியர் கோட். எல்லாம் சேர்ந்தே பெரும்பாலும் 100 முதல் 150 மைக்ரான்தான் (மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்குதான் மைக்ரான்). கிளியர் மட்டும் 40, 50 மைக்ரான். தலைமுடியின் தடிமன்கூட இல்லை. புற ஊதாக் கதிரைத் தாங்கும் வேதிப்பொருள் அந்தக் கிளியரில்தான் கலந்திருக்கிறது. வருடக்கணக்கில் வெயில் பட்டால் அது தீர்ந்து, பிசின் சிதைந்து, மேற்பரப்பு நுண்ணியதாகச் சொரசொரத்துவிடும். ஒளி அதில் பட்டுச் சிதறுவதைத்தான் நாம் மங்கல் என்கிறோம். தண்ணீர் அந்தச் சொரசொரப்பை நிரப்பியதும் சிதறல் நின்று, அடியில் இருக்கும் நிறம் தெரிகிறது.

டோர் தப்பித்து டாப் மட்டும் போனதில் ஆச்சரியமில்லை. நம் ஊர் சூரியன் தலைக்கு மேல் வருகிறது. சென்னையில் ஏப்ரல் கடைசி வாரத்திலும் ஆகஸ்ட் நடுவிலும் நண்பகலில் கிட்டத்தட்ட நேர் உச்சியில் நிற்கும். அதனால் "சுவர் நிழலில்தான் விடுகிறேன்" என்பது காலைக்கும் சாயங்காலத்துக்கும்தான் உதவும். புற ஊதா அதிகமாக இருக்கும் பத்து மணியிலிருந்து மூன்று மணிவரை பக்கத்துச் சுவர் அவ்வளவாக உதவாது, மேலே ஏதாவது இருக்க வேண்டும். கூடவே உங்கள் வண்டி சிவப்பு. சிவப்பு நிறமிகளில் பல வெயிலுக்குச் சீக்கிரம் தோற்கும்.

சரி, தண்ணீர் ஊற்றியதும் நிறம் திரும்பியது என்று வைத்துக்கொள்வோம். மொத்த பானட்டிலும் இறங்காதீர்கள், ஒரு சாண் இடம் போதும். கார் ஷாம்பு போட்டுக் கழுவுங்கள். கையில் ஒரு மெல்லிய பாலித்தீன் பையை மாட்டிக்கொண்டு தடவினால், வெறும் விரலுக்குத் தெரியாத மணல் மணலான ஒட்டல் தெரியும். அதைக் கிளே பார் (ஒட்டலை இழுத்தெடுக்கும் களிமண் மாதிரியான கட்டி) வைத்து, வழவழப்புக்கு ஷாம்பு தண்ணீர் தெளித்துக்கொண்டே எடுத்துவிட வேண்டும். அப்புறம் அந்த இடத்தின் நடுவில் மாஸ்கிங் டேப் ஒன்றை ஒட்டி, ஒரு பக்கம் மட்டும் பட்டாணி அளவு காம்பவுண்டை (தேய்த்து மெருகேற்றும் பசை) வைத்து மைக்ரோஃபைபர் பேடால் தேயுங்கள். நிழலில், தகடு குளிர்ந்திருக்கும்போது செய்யுங்கள், சூட்டில் காம்பவுண்ட் காய்ந்து ஒட்டிக்கொள்ளும். டேப்பைப் பிரித்ததும் கோடு கிழித்தாற்போல இந்தப் பக்கம் சிவப்பு, அந்தப் பக்கம் வெளிறல் என்று நின்றால் மீதியையும் தாராளமாகச் செய்யலாம். வித்தியாசமே இல்லையென்றால் பாலிஷுக்குக் கொடுக்கும் காசு வீண்.

பாலிஷ் மெஷின் எடுப்பதாக இருந்தால், சுழன்றுகொண்டே ஆடவும் செய்யும் டூயல் ஆக்ஷன் வகை புதியவர் கைக்கு ஏற்றது. பட்டறைகளில் இருக்கும், ஒரே அச்சில் சுற்றும் ரோட்டரி வேகமானது, ஆனால் பானட் விளிம்பிலும் மடிப்புக் கோடுகளிலும் பெயிண்ட் மெல்லிசாக இருக்கும், ஒரே இடத்தில் கொஞ்ச நேரம் நின்றால் பிரைமர் தெரிந்துவிடும். அந்த ஓரங்களுக்கு முன்கூட்டியே டேப் ஒட்டிவிடுங்கள். காம்பவுண்ட் என்பது கிளியரைக் கொஞ்சம் சீவி எடுப்பது. அந்த 40 மைக்ரானில் ஒவ்வொரு முறையும் ஏதோ குறைகிறது, திரும்பி வராது. "வருடத்துக்கு இரண்டு தடவை ரப்பிங் போடுங்க சார்" என்று சொல்பவரிடமிருந்து தள்ளியே இருங்கள்.

பழைய வண்டிகள் சிலவற்றில் கிளியரே இருக்காது, நிறம்தான் மேல் அடுக்கு. தேய்க்கும் துணியில் சிவப்பு ஒட்டினால் அந்த வகை. பார்க்கப் பயமாக இருந்தாலும் மீட்பதற்கு இதுதான் சுலபம்: செத்த அடுக்கு போனதும் புது நிறம் வந்துவிடும்.

பட்டறையில் பஃபிங் செய்து கொடுக்கும் பளபளப்பை அப்படியே நம்ப வேண்டாம். என் சித்தப்பா வண்டி ஒன்று கண்ணாடி மாதிரி திரும்பி வந்து, இரண்டு கழுவலில் பழையபடி ஆனது. உள்ளே நடந்தது எண்ணெய்ப் பசையுள்ள கிளேஸ் பூச்சு, கீறலை எடுக்காமல் நிரப்பி மறைத்திருக்கிறார்கள். வேலை முடிந்ததும் ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் நனைத்த துணியால் ஒரு இடத்தைத் துடைத்துக் காட்டச் சொல்லுங்கள். அதற்குப் பிறகும் மின்னினால் பணம் கொடுக்கலாம். டிரைவர்கள் மண்ணெண்ணெய், டீசல் போட்டுத் துடைத்து வரவழைக்கும் மினுமினுப்பும் இதே கதைதான், தூசியை வேறு இழுக்கும்.

கிளியர் உரிந்திருந்தாலும், கிளியருக்கு அடியில் நிறமே செத்திருந்தாலும் பாலிஷ், வேக்ஸ், செராமிக் எதுவும் உதவாது. அந்தப் பேனல் முழுவதையும் தேய்த்து, நிறமும், இறுக வைக்கும் ஹார்டனர் கலந்த கிளியரும் அடிக்க வேண்டும். உரிந்த திட்டின் மேல் மட்டும் ஸ்பிரே கேன் கிளியர் அடித்தால் சில மாதத்தில் அதன் ஓரத்திலிருந்தே மறுபடி தூக்கும். ஒரு விஷயம் மட்டும் பெயிண்டரிடம் முதலிலேயே பேசிவிடுங்கள். கலர் கோடு பார்த்து மிக்ஸ் செய்தால் ஷோரூம் சிவப்பு வரும், உங்கள் டோரும் ஃபெண்டரும் எட்டு வருடச் சிவப்பு. பக்கத்துப் பேனலை முதலில் பாலிஷ் செய்துவிட்டு, அதைப் பார்த்து நிறத்தைச் சரிசெய்யச் சொல்லுங்கள். புதுப் பெயிண்ட் நன்றாக இறுகும்வரை வேக்ஸ் போடக் கூடாது, எத்தனை நாள் என்று அவரையே கேளுங்கள்.

பாலிஷ் முடிந்த அன்றே பாதுகாப்புப் பூச்சு போட்டுவிட வேண்டும். கார்னாபா வேக்ஸ் அழகாக இருக்கும், ஆனால் நம் கத்திரி வெயிலில் சில வாரம்தான். சிந்தெடிக் சீலன்ட் சில மாதம் நிற்கும். செராமிக் கோட்டிங் நல்ல பொருள்தான், ஆனால் சுமார் ஒரு மைக்ரான் தடிமனே இருக்கும் பூச்சை வெயில் தடுப்புக் கூரையாக நினைக்கக் கூடாது. அழுக்கும் எச்சமும் சுலபமாகக் கழன்று போவதுதான் அதன் முக்கிய லாபம். எட்டு வருட வண்டிக்கு அந்தச் செலவை நான் செய்ய மாட்டேன். சித்திரைக்கு முன் ஒருமுறை, வடகிழக்கு மழை ஓய்ந்ததும் ஒருமுறை சீலன்ட் போட்டால் போதும், டாப்புக்கும் பானட்டுக்கும் மட்டும் நடுவில் இன்னொரு தடவை.

கவர் போடலாமா என்றால், கழுவிய வண்டிக்கு மட்டும் போடலாம். தூசியோடு மூடினால் காற்றில் ஆடி ஆடி அந்தத் தூசியை வைத்தே தேய்க்கும். கடற்கரைப் பக்கத் தெருக்களில் இது நிச்சயம். காற்றுப் போகாத பிளாஸ்டிக் கவர் ஐப்பசி கார்த்திகையில் ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும். மரத்தடி நல்ல நிழல்தான், காக்கை குருவி இல்லாமல் இருந்தால். பறவை எச்சம் அமிலத்தன்மை உள்ளது. சூட்டில் விரிந்த பெயிண்ட் குளிரும்போது எச்சத்தைச் சுற்றிச் சுருங்கி, குழிந்த தடம் நிற்கும். அன்றைக்கே ஈரத் துணியைப் போட்டு ஐந்து நிமிடம் ஊறவிட்டு எடுங்கள், சுரண்ட வேண்டாம்.

காலையில் வண்டி துடைப்பவரிடம் பழைய பனியன் துணியால் உலர்த் துடைப்பு வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள், வட்டக் கீறல்கள் பெரும்பாலும் அதில்தான் விழுகின்றன. போர் தண்ணீரில் மத்தியானம் கழுவினால் சுண்ணாம்புப் புள்ளி விழும், காலையில் கழுவி உடனே துடைத்துவிட வேண்டும். பாத்திரம் கழுவும் திரவத்தில் கழுவினால், வண்டிக்குப் போட்ட சீலன்டின் ஆயுளும் குறையும்.

ஹெட்லைட்டும் இந்நேரம் மஞ்சளாகியிருக்கும். ஹெட்லைட் மூடியான பாலிகார்பனேட் பிளாஸ்டிக் மேல் இருக்கும் பூச்சையும் அதே வெயில்தான் தின்கிறது. பற்பசை வைத்துத் தேய்த்தால் தெளியும், பூச்சு இல்லாததால் சீக்கிரமே மறுபடி மஞ்சளாகும். 1000, 2000, 3000 நம்பர் வாட்டர் பேப்பரில் வரிசையாகத் தேய்த்து, பாலிஷ் செய்து, ஹெட்லைட்டுக்கென்று விற்கும் யூவி கிளியரை மேலே அடித்தால்தான் நிற்கும்.